அரைப்படி நெல்: உழவுத் தொழிலாளர் உணவு வரலாற்றில் ஒரு விடுபடல்
(உழவர்கரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



உழவுத் தொழிலாளரின் பசியைப் போக்கச் சமூகம் என்ன செய்தது? இந்தக் கேள்வியில் எனக்கும் முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. அவர்கள் எழுதும் வரலாற்றில் சத்திரம் வரும், அன்னதானம் வரும், வறட்சிக் காலத்துக் கஞ்சித்தொட்டி வரும், ரேஷன் கடை வரும். கூலிக்காகச் சங்கம் கட்டியவர்கள் மட்டும் ‘தொழிலாளர் இயக்கம்’ என்ற வேறு அலமாரிக்குப் போய்விடுவார்கள். சோறு போட்டவர் பெயர் பதிவாகிறது. சோற்றைக் கேட்டு வாங்கியவர் பெயர் விடுபடுகிறது. கீழத்தஞ்சைப் பண்ணையாட்களின் சங்கம் ஓர் உணவு இயக்கம் என்பதே என் கட்சி.

1. மரக்கால்

நெல் அளக்கும் கணக்கில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஏட்டில் அவ்வளவுதான். களத்தில் அப்படியில்லை. பண்ணைக்கு நெல் வாங்க ஒரு மரக்கால், ஆளுக்குக் கூலி அளக்க அதைவிடச் சிறியதாக இன்னொன்று. வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பார்கள். கொடுக்கும்போது விளிம்போடு தலைதட்டி அளப்பார்கள். கூலிக்கு வரும் நெல் அடிக்களத்து நெல்லாக இருந்தால் பதரும் மண்ணும் அதிலேயே சேரும். அதைப் புடைத்து, குத்தி, உமி தவிடு போக நின்ற அரிசிதான் அன்றைய உலை. ஆக, அளக்கிறவன் கையிலேயே ஒரு பிள்ளையின் இராச்சோறு போய்விடும்.

1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலியோர் சங்கம் கட்டியபோது சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததை எல்லோரும் எழுதுகிறோம். அதோடு சேர்ந்தே நின்ற இன்னொரு கோரிக்கை, கூலியை அரசு முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பது. முன்னது மானத்துக்கு, பின்னது வயிற்றுக்கு என்று பிரிக்கிறார்கள் நண்பர்கள். கேட்டவர்கள் பிரிக்கவில்லை. 1952இல் இராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னணியில் இந்தச் சங்கங்களின் அழுத்தம் இருந்தது.

நெற்கூலி பண்ணையடிமையின் மிச்சம், காசுக்கூலிதான் விடுதலை என்பது நண்பர்களின் இன்னொரு வாதம். 1960களின் நடுவில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. அந்த நாளில் காசை வைத்துக்கொண்டு அரிசிக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். நெல்லாக வாங்கிய கூலி, விலை ஏறினாலும் சுருங்காது. நடவு முடிந்து அறுப்பு வரும்வரை வேலை குறையும் மாதங்களில் வயல் நண்டும் நத்தையும் கீரையுமாகக் காலம் தள்ளியவர்களுக்கு, குதிரில் கிடந்த நெல்லின் அருமை தெரியும்.

இந்தப் பண்ணையாட்களின் தஞ்சை, விளைச்சலைப் பெருக்க வந்த தீவிர வேளாண் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. ஏ.டி.டி. 27 போன்ற புதிய நெல் வந்தது, விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் அரைப்படி கூடுதல் கூலி கேட்டார்கள் தொழிலாளர்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்த மிராசுதார்கள் மறுத்தார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், மிராசுதார் தரப்பு தீவைத்த ஒரு குடிசைக்குள் தலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை அடுத்து 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணியைச் சாதிக் கொடுமை என்றோ கூலித் தகராறு என்றோ எழுதுங்கள், இரண்டும் மெய். அந்த அரைப்படி உலைக்குப் போக வேண்டிய நெல் என்பதையும் எழுதுங்கள் என்கிறேன்.

2. புதுச்சேரி

வெண்மணிக்கு நம் காரைக்கால் தொலைவில்லை. ஆனாலும் காசைவிடத் தானியமே பசிக்குக் காவல் என்ற பாடத்தை நாம் படிக்கவில்லை. 2015 செப்டம்பரில் இங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனை தொடங்கியது. அரிசியா, பணமா என்று ஆட்சியாளர்களுக்குள் நடந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இதனால் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தன. ‘அரிசியாகவே கொடு’ என்று கேட்ட பெண்களின் கணக்கும் பண்ணையாளின் கணக்கும் ஒன்றே.

3. பிற முயற்சிகள்

காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு, நிலமற்ற பெண்கள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்தது. கூலியைத் தாண்டிய அடுத்த படி அது. அமெரிக்காவின் இம்மொகாலி தக்காளித் தொழிலாளர்கள் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கேட்டு, நான்காண்டுப் புறக்கணிப்புக்குப் பின் 2005இல் டாக்கோ பெல் என்ற துரித உணவு நிறுவனத்தைப் பணிய வைத்தார்கள்.

4. இனிச் செய்ய வேண்டியவை

பழைய மரக்கால்களைத் தேடி, கொள்ளளவை அளந்து பட்டியலிட வேண்டும். சங்கக் கணக்கேடுகளைக் கரையான் தின்னுமுன் படியெடுக்க வேண்டும். பாகூர், வில்லியனூர் பக்கத்து மூத்த பெண்களிடம் கூலி நெல் பற்றிக் கேட்டுப் பதிய வேண்டும். இந்த உழவர்கரையிலேயே வயல் போய்த் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் வந்தபின் உழவுக் குடும்பங்கள் எதை உண்கின்றன என்பது தனி ஆய்வு. இளைஞர் யாரேனும் எடுத்துக்கொண்டால் என் குறிப்பேடுகளைத் தரத் தயார். மறுக்க விரும்பும் நண்பர்களுக்கும் அவை திறந்தே இருக்கும்.