நிறுத்தச் சொல்வது யார்? – மோட்டார் ஓட்டமும் ஊரும்

(ஆலையடிவேம்பில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



நினைவுச் சொற்பொழிவென்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் நம் பக்கத்து வழக்கம். நான் கார் ஓட்டப் போட்டியைப் பேச வந்திருக்கிறேன். காரணம் நம் வாசலால் போகிற வீதி. கொழும்பில் புறப்படும் ஏ-4 வீதி இரத்தினபுரி, பேரகலை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று வந்து அக்கரைப்பற்றைத் தொட்டு மட்டக்களப்புக்குப் போகிறது. அதே வீதியால் மலையேறிப் பேரகலையில் திரும்பினால் ஹப்புத்தளை. அதற்கு அப்பால் தியத்தலாவை. சித்திரை வெயிலுக்குத் தப்பி வேன் பிடித்து மலைக்குப் போகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அந்த மாதத்தில் மலைநாட்டின் பெரிய வேடிக்கை மோட்டார் ஓட்டம்தான். நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள்.

1. மலையில் நடப்பது

நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும். தியத்தலாவையில் இராணுவம் நடத்தும் பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் வேறு மாதிரி: பல வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டு முட்டிமோதி ஓடும். ஆபத்தும் அதற்கேற்பக் கூடும்.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அந்த ஓட்டம் மீண்டும் நடந்தது. ஒரு கார் பாதையோரம் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கும்படி கடமையில் நின்றவர்கள் மஞ்சள் எச்சரிக்கை காட்டினார்கள். சற்று நேரத்தில் இன்னொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள்.

இராணுவம் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தது. பொலிசும் விசாரித்தது. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டும் மையத்துகளை எடுத்த பிறகு வந்தவை. காணி இராணுவத்துடையது, ஓட்டமும் இராணுவத்துடையது. "சனம் பாதைக்கு இவ்வளவு கிட்ட நிற்கிறது, ஓட்டத்தைத் தொடங்காதே" என்று முதல்நாளே சொல்லக்கூடிய, அமைப்பாளருக்குக் கட்டுப்படாத ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

2. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும்

ஓட்டம் வேண்டும் என்பவர்களின் நியாயத்தைத் தள்ள முடியாது. ஓட்டம் நடக்கும் நாள்களில் அறை வாடகைக்குக் கொடுப்பவர், கொத்துரொட்டி போடுபவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர் என எல்லோர் கையிலும் காசு புழங்கும். மைதானத்தை மூடிவிட்டால் இளைஞனின் வேக ஆசை அடங்கிவிடாது. அது பெருநாள் இரவில் பொது வீதிக்கு வரும்.

வேண்டாம் என்பவர்களின் நியாயம் இன்னும் கனமானது. சாரதி ஆபத்தைத் தெரிந்து ஏற்கிறான். தலைக்கவசமும் இருக்கைப்பட்டியும் அவனுக்கு உண்டு. வேலியோரம் நிற்கும் பிள்ளைக்கு என்ன உண்டு?

1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லு மான் ஓட்டத்தில் ஒரு கார் சிதறிப் பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதை ஓட்டங்களைத் தடைசெய்தது. தடை அறுபது ஆண்டு தாண்டியும் நீடித்தது. ஆனால் மலையேற்ற ஓட்டத்தை அது விட்டுவைத்தது. எந்த ஓட்டம் எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரித்துப் பார்த்தது. மகாகஸ்தொட்டவையும் பொக்ஸ்ஹில்லையும் ஒரே தராசில் போடாதிருக்க நாமும் பழக வேண்டும்.

3. கொழும்பும் சென்னையும்

மகிந்த ராஜபக்ஷ ஆட்சியில் கொழும்புக் கோட்டை வீதிகளில் இரவு ஓட்டங்கள் நடந்தன. ஜனாதிபதியின் குடும்பத்தார் முன்னின்ற ஓட்டம். அதற்கு எந்த அலுவலர் மறுப்புக் குறிப்பு எழுதுவார்?

ஆட்சிக்கும் ஓட்டத்துக்கும் அதே நெருக்கம் சென்னையிலும் இருந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகன்தான் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்தார். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றர் பாதையில் ஃபார்முலா 4 ஓட்டம் 2023 டிசம்பரில் நடக்கவிருந்தது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. நகரத்துக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓட்டப்பாதை இருக்க, ஆஸ்பத்திரிகள் இருக்கும் நகர நடுவில் எதற்கு என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஓட்டம் தொடங்கவிருந்த 2024 ஆகஸ்ட் 31ஆம் திகதி சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமானது. அமைச்சர் காத்திருந்தார், வண்டிகள் காத்திருந்தன, பயிற்சி ஓட்டம் இரவுக்குத் தள்ளிப்போனது. அந்த ஓட்டத்துக்குப் பொதுப்பணம் போனது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தத் தாமதத்தை நான் மதிக்கிறேன். அமைப்பாளரின் கைக்கு வெளியே ஒரு அதிகாரம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

பணத்துக்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். 2008இலிருந்து இரவு ஓட்டம் நடத்தும் அந்நகரம், ஓட்ட நாள்களில் ஹோட்டல்களின் அறை வருமானத்தில் தனி வரி எடுக்கிறது. இலாபம் பெறுபவர் செலவிலும் பங்கெடுக்கிறார்.

4. என் முடிவு

தியத்தலாவை ஓட்டத்தை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அது தொடர்வதற்கு நிபந்தனை கேட்கிறேன். அமைப்பாளருக்குச் சம்பந்தமில்லாத பரிசோதகர் ஒருவர் பாதையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சனம் நிற்கும் எல்லையை அவரே குறிக்க வேண்டும். எல்லை மீறப்பட்டால், எத்தனை ஆயிரம் பேர் கூச்சலிட்டாலும், அவர் ஓட்டத்தை நிறுத்த முடிய வேண்டும். பார்வையாளருக்குக் காப்புறுதி வேண்டும். விசாரணை அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் பொதுமக்கள் கைக்கு வர வேண்டும்.

நாளைக்கு நம் விளையாட்டுக் கழகமொன்று பிரதான வீதியை மறித்து மோட்டார் சைக்கிள் ஓட்டம் வைக்க அனுமதி கேட்டாலும் பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நிறுத்தச் சொல்லும் ஆள் யார், அவர் யாருக்குப் பயப்பட வேண்டியவர்? அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வராத வரையில் அனுமதி கொடுக்கக் கூடாது.