கம்பிக்குக் கீழே கிடக்கும் சதுர அடி



முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ‘மாமூல் வழிநடை பாத்தியம், வண்டித்தட பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் சகிதம்’ என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை. ஒருத்தர் நிலம் இன்னொருத்தருக்காகச் சுமக்கிற பாரம் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. கிரயம் பேசும்போது அந்தப் பாரத்தைக் கழித்துத்தான் விலை சொல்கிறோம். வரி போடும்போது மட்டும் அது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா இருக்கிறார். வீட்டுக்காரர் வாங்கிப்போட்டுப் போன இருபது சென்ட். நூறடி அகலம், எண்பத்தேழு அடி நீளம். வாங்கிய பிறகு அதன் நட்டநடுவே, தெருவிலிருந்து கொல்லை வரைக்கும், 110 கிலோவோல்ட் கம்பி போனது. அந்த மின்தடத்துக்குக் கணக்கிடும் அகலம் 22 மீட்டர். நம் கணக்கில் 72 அடி. மிச்சம் பக்கத்துக்குப் பதினான்கு அடி. கட்டட விதிப்படி இடைவெளி விட்டால் அதில் ஒரு வீடு அடங்குமா? ஆனால் அரையாண்டுக்கு ஒருமுறை வருகிற காலிமனை வரி நோட்டீஸில் 8,700 சதுர அடியும் அப்படியே நிற்கிறது. “ஒரு தென்னம்பிள்ளை வைக்கக் கூடாதுங்கறாங்க, வரியை மட்டும் முழுசாக் கேக்கறாங்களே தம்பி” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சட்டத்தில் இதற்கு வேர் இருக்கிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், கம்பி கொண்டு போகிறவருக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான் கொடுத்தது. அந்த அதிகாரத்தை வைத்துத்தான் மின்பாதைகளும் நம் காடு தோட்டத்தில் வந்தன. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பட்டா உங்களுடையது, வரியும் உங்களுடையது. அனுபவிப்பது மட்டும் ஊர். மனைப்பிரிவில் சாலைக்கு இடம் விட்டவர், தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரியிலிருந்து விடுபடுகிறார். கம்பிக்கு இடம் விட்டவருக்கு அந்த வாசல் கிடையாது.

கொங்கு நாட்டில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்க்காக விவசாயிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டமும் இதே ஏற்பாடுதான். குழாய் மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அதற்கு ஈடாக நிலமதிப்பில் பத்து சதவீதம், ஒரே ஒரு தடவை.

மதிப்பு குறைகிறது என்பது நான் கண்டுபிடித்ததல்ல. உயர் அழுத்தக் கம்பி போகும் நிலத்தின் மதிப்புக் குறைவைப் பார்த்து இழப்பீடு தர வேண்டும் என்று 2007-இல், கேரள மின்வாரிய வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய மின்துறை அமைச்சகம் 2015-இல், தடத்தின் கீழுள்ள நிலத்துக்கு மதிப்பில் 15 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது. 2024-இல் அதையே 30 சதவீதம் ஆக்கியது. கொடுக்கிற கை ‘மதிப்பு போயிற்று’ என்று எழுதுகிறது. வாங்குகிற கை ‘மதிப்பு முழுசாக இருக்கிறது’ என்று எழுதுகிறது. இரண்டும் அரசாங்கத்தின் கைதானே ஐயா! அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1986-லேயே, நிலத்தின் மேல் நிரந்தரக் கட்டுப்பாடு இருந்தால் வரி மதிப்பீட்டில் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று தீர்த்துவிட்டது.

இப்படிப் பாரம் சுமக்கிற பரப்புக்கு வரியில் கழிவு கொடுக்கச் சொன்னால், “ஆளாளுக்குத் தடம் இருக்கிறது என்று வந்து நிற்பார்களே” என்று வருவாய்ப் பிரிவில் கேட்பார்கள். நியாயமான கவலை. தன் நிலத்துக்குள் தானே போட்டுக்கொண்ட பாதைக்குக் கழிவு கேட்கக் கூடாது. பதிவான பத்திரமோ, நீதிமன்றத் தீர்ப்போ, மின்வாரிய வரைபடமோ இருந்தால் மட்டும் கேட்கட்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கு வழி விட்டவர் விஷயத்தில் நகராட்சிக்குப் பெரிய நஷ்டமும் வராது. அந்த வழியால் மதிப்பு கூடிய நிலம் இதே ஊரில்தானே இருக்கிறது.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, காலிமனை நோட்டீஸில் ஒரே ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: ‘பாத்தியத்துக்கு உட்பட்ட பரப்பு’. நில அளவையரும் மின்வாரியப் பொறியாளரும் சேர்ந்து அளந்து அதை நிரப்பட்டும். தீர்மானத்தை நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்பியோ குழாயோ தடமோ போகிற நிலம் வைத்திருப்பவர்கள், மூலப்பத்திர நகலும் கடைசி வரி ரசீதும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை இதே மண்டபத்துக்கு வாருங்கள். மனு எழுதிக் கொடுக்க நான் உட்கார்ந்திருப்பேன். முதல் மனு அந்த அம்மாவுடையது, நேற்றே எழுதிவிட்டேன்.