மஞ்சள் சாமந்தி: உழவர் கடமையும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆயுத பூசை முதல் பொங்கல் வரை மஞ்சள் சாமந்தி ஏறாத வாசற்படியும் இல்லை, கோயிலும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல் மாவட்டங்களில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக நிலம் வைத்திருக்கும் சிறு உழவர் பலர் இப்பயிரை நம்பி வாழ்கின்றனர். அந்தச் சில மாதங்களில் கைக்கு வரும் பணமே பிள்ளைகளின் படிப்புக்கும் பழைய கடனுக்கும் ஈடாகிறது. ஆகவே, இதில் நேரும் நஷ்டத்தைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. அதனைத் தவிர்க்கும் வழிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. பூ ஓய்ந்த பின்னும் அதன் வேர் உயிரோடிருக்கும். அடியிலிருந்து தூர்க்கன்றுகள் கிளம்பும். நட்ட பயிர் 6 முதல் 8 மாதம் வரை நிற்கும். அதன்பின் தண்டுகளைத் தரையோடு ஒட்ட அறுத்து, களை நீக்கி, உரமிட்டு நீர் பாய்ச்சினால், 4 மாதத்தில் மறுதாம்புப் பயிரும் கிடைக்கும். இது இயற்கை நமக்களித்த லாபம். ஆனால், தாய்ச்செடியில் நோய் இருப்பின் அதன் தூர்க்கன்றுகள் வழியே அடுத்த நடவுக்கும் அது பரவும். எனவே, பூ மிகுதியாகப் பூத்த, நோயற்ற செடிகளை அறுவடைக் காலத்திலேயே அடையாளமிட்டு வைத்து, அவற்றிலிருந்து மட்டுமே கன்று எடுத்தல் வேண்டும். நுனித்தண்டுகளை வெட்டி வேர்விடச் செய்தும் நடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, எம்.டி.யு 1 ஆகிய இரண்டும் மஞ்சள் பூப் பூக்கும் வகைகள்.

வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த நிலம் ஏற்றது. நன்கு உழுது, ஏக்கருக்கு 10 டன் தொழுவுரமிட்டுப் பார் அமைத்து, ஜூன், ஜூலை மாதங்களில் பாரின் ஒரு பக்கத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். இவ்வாறு ஏக்கருக்குச் சுமார் 44,000 கன்றுகள் பிடிக்கும். ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து, 48 கிலோ மணிச்சத்து, 10 கிலோ சாம்பல்சத்து தேவை. தழைச்சத்தில் பாதியையும் மற்ற இரண்டையும் அடியுரமாக இட்டு, மீதித் தழைச்சத்தை 30 நாள் கழித்து இடுக. நட்ட நான்காம் வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும்; கிளை பெருகினால் பூவும் பெருகும். முறையாகப் பேணினால் ஏக்கருக்கு 8 டன் பூவும், மறுதாம்பில் 4 டன்னும் எடுக்கலாம்.

நீரைக் குறித்து ஓர் எச்சரிக்கை. முதல் மாதம் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் பாய்ச்சினால் போதும். சாமந்தியின் வேர் தேங்கிய நீரைப் பொறுக்காது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வடியாத வயலில் வேரழுகல் தோன்றிச் செடிகள் திட்டுத்திட்டாக வாடும். வாடிய செடியைக் கண்டு, நீர் போதவில்லை என்று மேலும் பாய்ச்சுவோர் உண்டு. அது நோயை வளர்க்கும். வாடியவற்றைப் பிடுங்கி அழித்து, லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, சுற்றியுள்ள செடிகளின் வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும்.

இனி, ஊராட்சி உறுப்பினர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒருவர் தம் வயலில் எவ்வளவு வாய்க்கால் வெட்டினும், ஊரின் பொது வடிகால் தூர்ந்து கிடந்தால் நீர் எங்கே போகும்? ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்னரே பொது வடிகால்களைத் தூர்வாருதல் ஊராட்சியின் கடமை.

இரண்டாவது, தெருவிளக்கு. சாமந்தி, இரவு நீளும் பருவத்தில் மொட்டு வைக்கும் செடி. இரவில் வெளிச்சம் விடாமல் பட்டால், பகல் இன்னும் நீண்டிருப்பதாகவே கொண்டு, தழைத்துக்கொண்டே போகும், பூப்பது தள்ளிப்போகும். பசுமைக்குடில்களில் இதனை அறிந்தே, இரவில் சில மணி நேரம் விளக்கேற்றிப் பூப்பைத் தள்ளிவைக்கின்றனர். சாலையோர வயலில் விளக்குக் கம்பத்தை ஒட்டிய வரிசைகள் மட்டும் பச்சையாக நிற்பின், உரத்தைக் குறை கூறுமுன் விளக்கை நிமிர்ந்து பாருங்கள். திருவிழா கழிந்து மலரும் பூவுக்குச் சந்தையில் விலை ஏது?

அதற்காக விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. இருட்டில் வீடு திரும்பும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவ்வெளிச்சம் இன்றியமையாதது. வயற்புறம் மட்டும் ஒரு தகட்டு மறைப்பை அமைத்துவிட்டால், பாதையில் வெளிச்சமும் இருக்கும். பயிருக்கு இருளும் கிடைக்கும். அடுத்த கம்பம் நடுமுன் அருகிலுள்ள வயலின் உழவரையும் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்யுங்கள்.

இறுதியாக, நிலம் முழுவதையும் சாமந்திக்கே விட்டுவிடாதீர்கள். பூ மிகுந்து விலை வீழும் நாளில் தாங்கிப் பிடிக்க, ஒரு பகுதியில் காய்கறியோ தானியமோ இருக்கட்டும். உழவர் நல்ல கன்றைத் தேர்ந்து நடட்டும். ஊராட்சி வடிகாலையும் விளக்கையும் கவனிக்கட்டும். இருவர் கடமையும் ஒருங்கே நிறைவேறினால், வரும் பருவத்தில் நம் ஊர்ப் பூ உரிய நாளில் சந்தை சேரும்.