கையெழுத்துப் போட்டவரைச் சுட்டது யார்?

('இஸ்ரேல் - பாலஸ்தீன சமாதானத்துக்குப் பெரிய தடை எதிரியா? சொந்த வீட்டாரா?' என்ற பட்டிமன்றத்தில் 'சொந்த வீட்டாரே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசின சகோதரி நம்மை அழ வச்சுட்டுப் போயிட்டாங்க. 1948-லே வீட்டைப் பூட்டி, சாவியோட வெளியேறின பாலஸ்தீனியர்களைச் சொன்னாங்க. ஏழு லட்சம் பேர்! ஐரோப்பாவிலே அறுபது லட்சம் உயிரைப் பறிகொடுத்துட்டு, இனி நமக்குன்னு ஒரு மண் வேணும்னு நின்ன யூதர்களையும் சொன்னாங்க. அதிலே ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கலை. ஆனா அம்மா, நீங்க சொன்னது சண்டைக்குக் காரணம். இன்னிக்குக் கேள்வி, சமாதானத்துக்கு எது தடைங்கிறது. அது வேற, இது வேற. (கைதட்டல்)

'இவங்க உட்கார்ந்து பேசினாலும் ஒப்பந்தம் எழுத முடியாது'ன்னாங்க. எழுதிட்டாங்களே! இஸ்ரேலிலே மந்திரியா இருந்த யோசி பெய்லின், பாலஸ்தீனத் தரப்பிலே மந்திரியா இருந்த யாசர் அபெத் ரப்போ, இந்த ரெண்டு பேர் தலைமையிலே எழுதி, 2003 டிசம்பரிலே ஜெனீவாவிலே உலகத்துக்கே காட்டினாங்க. எல்லை எங்கே, ஜெருசலேமைப் பங்கிடுறது எப்படி, அகதிகளுக்கு என்ன வழி, எல்லாம் அதிலே இருக்கு. எந்த அரசாங்கமும் அதிலே கையெழுத்துப் போடலை. ஏன்? நம்ம ஊர்லே பாகப்பிரிவினை பேசப் போனவர் திரும்பி வரும்போது, வாசல்லேயே மறிச்சு, 'என்னத்தை விட்டுக் கொடுத்துட்டு வந்தே?'ன்னு கேட்பாங்க இல்லையா? அந்தப் பயம்தான். நம்ம வீட்டிலே கேள்வியோட போச்சு. அங்கே துப்பாக்கியோட நிற்கிறாங்க.

முதல்லே எகிப்தைப் பாருங்க. சதாத் 1977-லே ஜெருசலேமுக்கே போய், இஸ்ரேல் நாடாளுமன்றத்திலே பேசினார். 1979-லே ஒப்பந்தம். எகிப்து இழந்த சினாய் மண் திரும்பி வந்தது. 1981 அக்டோபர் 6, ராணுவ அணிவகுப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சுட்டது யார்? இஸ்ரேல்காரனா? அவருடைய சொந்த ராணுவத்துச் சிப்பாய்கள், ஐயா!

பாலஸ்தீனியரிலே இஸாம் சர்தாவின்னு ஒருத்தர். டாக்டர். இஸ்ரேல்காரர்களோட உட்கார்ந்து பேசணும்னு வெளிப்படையாச் சொன்னவர். 1983-லே போர்ச்சுகல்லே சுட்டுக் கொன்னாங்க. பொறுப்பேற்றது அபு நிடால் கூட்டம். அதுவும் பாலஸ்தீனக் கூட்டம்தான்.

அடுத்து ராபின். இவர் சமாதானப் புறா இல்லை. 1967 போரிலே இஸ்ரேல் படையின் தலைமைத் தளபதி. 1993 செப்டம்பர் 13, வாஷிங்டனிலே அராஃபத் கையை நீட்டறார். ராபின் முகத்தைப் பார்த்திருக்கீங்களா? கஷாயம் குடிச்ச பிள்ளை மாதிரி இருக்கும்! (சிரிப்பு) ஆனாலும் குலுக்கினார் பாருங்க, அதுதான் பெரிய மனசு. அதுக்கு அவருக்குக் கிடைச்ச பட்டம் 'துரோகி'. சொந்த ஊர்க் கூட்டத்திலேயே அவருக்கு நாஜி உடுப்பு மாட்டின படத்தைத் தூக்கிக் காட்டினாங்க. 1995 நவம்பர் 4, டெல் அவிவிலே சமாதானக் கூட்டம். மேடையிலே எல்லோரோடும் சேர்ந்து பாடினார். பாட்டு எழுதின தாளை மடிச்சுச் சட்டைப் பையிலே வச்சுக்கிட்டுக் கீழே இறங்கினார். அந்தத் தாள் ரத்தத்திலே நனைஞ்சு போச்சு. சுட்டவன் ஒரு யூதன், சட்டம் படிக்கிற மாணவன்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. பாதுகாப்பு காரணமா அராஃபத் அந்தச் சாவுக்குப் போக முடியலை. சில நாள் கழிச்சு, எப்பவும் தலையிலே கட்டியிருக்கிற துணியை எடுத்துட்டு, வெறுந்தலையோட ராபின் வீட்டுக்குப் போய், அவர் மனைவிகிட்டே துக்கம் கேட்டார். எதிரி துக்கத்துக்கு வந்தான் ஐயா. கொன்னது வீட்டுப் பிள்ளை.

இந்த வீட்டு வெறியனுக்கு அந்த வீட்டு வெறியன் மாதிரி ஒத்தாசை செய்யறவன் யாருமே கிடையாது. 1994 பிப்ரவரி, ரம்ஜான் மாசம், ஹெப்ரோன் மசூதியிலே விடியற்காலைத் தொழுகை. கோல்ட்ஸ்டீன்ங்கிற யூத டாக்டர் உள்ளே புகுந்து 29 பேரைச் சுட்டுக் கொன்னான். ஏப்ரலிலே ஹமாஸ் பஸ்ஸிலே குண்டு வச்சது. 1996-லே தேர்தலுக்கு முன்னாலே மறுபடியும் பஸ்ஸிலே குண்டு. சமாதானம் பேசின பெரெஸ் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஓட்டிலே தோத்தார்.

'குடியிருப்புகள்தான் தடை'ன்னு எதிரணி சொல்லும். சரி. 1993-லே மேற்குக் கரையிலே குடியேறின இஸ்ரேல்காரர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். இப்போ, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, ஏறத்தாழ ஐந்து லட்சம். ரெண்டு பக்கமும் பலம் சமம்னு நான் சொல்ல வரலை. ஒருத்தர்கிட்டே விமானப்படை, இன்னொருத்தர் சோதனைச் சாவடியிலே வரிசையிலே நிற்கிறார். ஆனா அந்தக் குடியிருப்புகளை எடுக்க எந்தப் பிரதமருக்குத் தைரியம் வரும்? 2005-லே ஷரோன் காஸாவிலிருந்து எடுத்தார். வெறும் எட்டாயிரம் பேர்தான். அழுது புரண்டவர்களைச் சொந்த ராணுவமே தூக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு. கட்சியே உடைஞ்சது. குடியிருப்புகளை வளர்த்த ஷரோனுக்கே அந்தக் கதி! பாலஸ்தீனத் தரப்பிலே மட்டும் என்னவாம்? 2007-லே ஹமாஸும் ஃபத்தாவும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டு, காஸா ஒருத்தர் கையிலே, மேற்குக் கரை ஒருத்தர் கையிலேன்னு ஆச்சு. நாளைக்கு ஒப்பந்தம் வந்தா எந்த வீட்டிலே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கறது?

மணி அடிச்சுட்டீங்க ஐயா. ஒரு நிமிஷம், ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

ஃப்ராங்கென்தால்னு ஒரு இஸ்ரேல்காரர். 1994-லே அவர் மகனை ஹமாஸ் கடத்திக் கொன்னது. அடுத்த வருஷம் அந்தத் தகப்பன் ஒரு அமைப்பு தொடங்கினார். ரெண்டு பக்கமும் பிள்ளையை, உடன்பிறப்பைப் பறிகொடுத்தவங்க சேர்ந்து உட்கார்ற இடம். அவங்க வருஷா வருஷம் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தறாங்க. 2023 அக்டோபர் 7-லே இஸ்ரேலிலே ஏறத்தாழ 1,200 பேர் செத்த பிறகும், காஸாவிலே பல்லாயிரம் பேர் செத்த பிறகும் அந்தக் கூட்டத்தை விடலை. 2025 ஏப்ரலிலே ரானானாங்கிற ஊரிலே, ஒரு யூதக் கோயிலிலே அதைத் திரையிலே காட்டினாங்க. வெளியிலே கும்பல் கூடிக் கல்லெறிஞ்சது. துக்கத்துக்கு வந்தவங்களைப் போலீஸ் பாதுகாப்பிலே வெளியே கொண்டு வந்தாங்க.

அந்தக் கல்லை எறிஞ்சவங்க எந்த நாட்டுக்காரங்க? நடுவர் ஐயா, நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க.