உள்ளறையும் கடல் திண்ணையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியச் சுவை பற்றியோ தமிழரின் பழம்பெருமை பற்றியோ பேசுவது நம் சங்கத்து மரபு. செயலாளர் எங்களுக்கு இட்ட பணி சற்றே வேறானது. உல்லாசக் கப்பலில் சன்னல் இல்லாத அறையை எவ்வாறு தேர்வது, அதில் எவ்வாறு மகிழ்ச்சியோடு பயணம் செய்வது என்பதை எடுத்துரைக்குமாறு அவர் கேட்டுக் கொண்டார். சென்ற ஆண்டு நம் குடியிருப்பிலிருந்து நான்கு குடும்பத்தார் மும்பைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கோவா சென்று திரும்பினோம். நான்கு குடும்பத்தாரும் உள்ளறைகளையே எடுத்தோம். அன்று முதல் எங்களைக் காண்போர் கேட்கும் கேள்வி ஒன்றே: "கடலைப் பார்க்கப் பணம் கட்டிவிட்டு, சன்னல் கூட இல்லாத அறையிலா அடைந்து கிடந்தீர்கள்?" அக்கேள்விக்கு இன்று விடை கூற முற்படுகிறோம்.

உல்லாசக் கப்பல் என்பது நெடுங்காலம் நமக்குச் செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவே இருந்தது. 2021 ஆம் ஆண்டு மும்பையிலிருந்தும், 2022 ஆம் ஆண்டு சென்னையிலிருந்தும் 'எம்பிரஸ்' என்னும் கப்பல் புறப்படத் தொடங்கிய பின், மாதச் சம்பளக் குடும்பங்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கின. பேச்சு எழுந்தவுடன் கணக்கும் எழுகிறது. கட்டணப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பால்கனி அறை மேலே நிற்கும்; கடல் பார்த்த சன்னல் அறை நடுவே நிற்கும்; உள்ளறை கடைசியில் நிற்கும். கடைசியில் நிற்பதை எடுப்பது கௌரவக் குறைவு என்று எண்ணிப் பயணத்தையே கைவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களை நினைத்தே இவ்வுரை.

முதலில், கப்பலில் சன்னல் இல்லாத அறை எதற்காக இருக்கிறது? கப்பல் நீண்டது, அகலமும் உடையது. பெரிய கப்பல்களின் அகலம் நூறடிக்கும் மேற்பட்டது. ஒவ்வொரு தளத்திலும் முன்னிருந்து பின்வரை இரண்டு நடைகள் ஓடுகின்றன. நடைகளுக்கு வெளிப்புறம் அமைந்த அறைகள் கடலைப் பார்க்கின்றன. இரு நடைகளுக்கும் இடையே எஞ்சிய நடுப்பகுதியில் அமைந்தவையே உள்ளறைகள். கட்டில், குளியலறை, அலமாரி, குளிர்சாதனம் ஆகிய அனைத்தும் அங்கும் உண்டு. இல்லாதது சன்னல் ஒன்றே.

அறையின் அளவு பெரும்பாலான கப்பல்களில் சுமார் 150 முதல் 180 சதுர அடி. இது சிறிது என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்நகரில் 1920-களில் எழுந்த பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறை 160 சதுர அடி. அவ்வளவில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். மூன்று இரவு உறங்குவதற்கு அது போதாதா?

நம் ஊர்ப் பழைய வீடுகளை ஒரு கணம் நினைவு கூருங்கள். உள்ளே நெல்லும் பண்டமும் வைக்கும் அறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். அதைக் குறையென்று எவரும் சொன்னதில்லை. ஏனெனில் வாழ்க்கை நடந்தது முற்றத்திலும் திண்ணையிலும். வந்தவர் அமர்ந்தது திண்ணை. பாட்டி கதை சொன்னது முற்றம். பொருளைப் பத்திரமாக வைக்கவும், வேண்டும்போது கண்ணயரவும் உள்ளறை. கப்பலும் அப்படிப்பட்ட வீடுதான். மேல் தளம் அதன் முற்றம். பக்கத்து நடைமேடை அதன் திண்ணை. அங்கே பால்கனி அறைக்காரருக்கு ஒரு கடல், உள்ளறைக்காரருக்கு ஒரு கடல் என்று இல்லை. பொது உணவுக்கூடத்திலும் நாடக அரங்கிலும் நீச்சற்குளத்திலும் உங்கள் அறை எது என்று எவரும் கேட்பதில்லை. கப்பலும் எல்லோருக்கும் ஒரே நேரத்திலேதான் கோவாவை அடைகிறது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். உள்ளறைகள் அனைத்தும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. கப்பல் நிறுவனங்கள் தளங்களின் வரைபடத்தை வெளியிடுகின்றன. அறை எண்ணை ஏற்கும் முன் அவ்வரைபடத்தை விரித்து மூன்றைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஆட்டம். தராசில் தட்டுகள் ஏறி இறங்கும். நடு முள் நிற்கும் இடம் அவ்வளவாக அசையாது. கப்பலும் அவ்வாறே முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்க, நடுப்பகுதி அமைதியாக இருக்கும். தென்னையின் உச்சி காற்றில் ஆடும், அடி ஆடாது. ஆகவே கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. மேல் தளங்களில் மிகுதி. கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்தில் நடுவாக அமைந்த உள்ளறை, குமட்டலுக்கு அஞ்சுவோர்க்கு ஏற்றது. விலை குறைந்த இந்த அறை, கடல் மயக்கத்தைப் பொறுத்தவரை, உச்சித் தளத்தின் விலையுயர்ந்த அறையை வென்றுவிடுகிறது!

இரண்டாவது, ஓசை. உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சற்குளத் தளம் இருந்தால் விடியுமுன் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். சமையற்கூடமோ அரங்கமோ அடுத்திருந்தால் நள்ளிரவிலும் அமைதி இராது. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம் சிறந்தது. லிப்டுக்கு மிக அருகில் வேண்டாம். முதியோர் நடக்க முடியாத தொலைவிலும் வேண்டாம். இரண்டு அறைகளை இணைக்கும் கதவு உள்ள அறையில் அடுத்த அறைப் பேச்சு கேட்கும். ஆனால் ஒரே குடும்பத்தார் இரண்டு அறை எடுத்தால் அக்கதவே பெரும் வசதி.

மூன்றாவது, கட்டணத்தின் உட்பொருள். அறை எண்ணை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் என்ற நிபந்தனையோடு குறைந்த விலையில் சீட்டு விற்பதுண்டு. எங்கே இடம் கிடைத்தாலும் சரி என்போர்க்கு அது ஆதாயம். முதியோரை அழைத்துச் செல்வோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து இடத்தை உறுதி செய்வதே நலம். துறைமுக வரியும் பணியாளர்க்கான அன்பளிப்பும் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், உள்ளறை எடுத்தாலும் அவை குறைவதில்லை. கரையில் ஊர் சுற்றும் செலவும் இணையச் செலவும் வேறு. இவற்றையெல்லாம் கூட்டிய பின்னரே விலையை ஒப்பிடுதல் அறிவுடைமை.

இவ்வறைகளின் குறையைப் போக்கக் கப்பல் கட்டுவோரும் முயன்று வருகின்றனர். 1999 இல் கடலுக்கு வந்த 'வாயேஜர் ஆப் தி சீஸ்' என்னும் கப்பலில் சில உள்ளறைகளுக்குக் கப்பலின் நடுவிலேயுள்ள கடைவீதியைப் பார்க்கும் சன்னல்கள் வைத்தனர். 2011 இல் வந்த 'டிஸ்னி டிரீம்' கப்பலில், வெளியே உள்ள காமிராக்கள் காட்டும் கடலை வட்டத் திரையில் அறைக்குள் கொண்டு வந்தனர். 2010 இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனியே பயணம் செய்வோர்க்கென்று சிறு உள்ளறைகள் அமைந்தன. இருவர்க்குரிய கட்டணத்தை ஒருவரே செலுத்தும் சுமையை அது குறைத்தது.

அறையில் இன்பமாக இருக்கும் வழி யாது? உள்ளறையின் இருள் முழு இருள். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. எங்களுடன் வந்த ஒரு பெரியவர் முதல் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்கே விடிந்துவிட்டது என்று எழுந்து, குளித்து, நீறு பூசி, நடைக்கு வந்து நின்றார்! மறுநாள் முதல் தலைமாட்டில் கடிகாரமும், குளியலறைப் பக்கம் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கும் வைத்தோம். சில கப்பல்களில் முன்புறக் கடலை இடைவிடாது காட்டும் தொலைக்காட்சி அலைவரிசை உண்டு. ஓசையை அடக்கி அதை ஓட விட்டால், பொழுது விடிகையில் அறையும் விடியும். ஆயினும் அந்த இருளே பகலுறக்கம் விரும்புவோர்க்கும் கைக்குழந்தைகட்கும் வரப்பிரசாதம். சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடுகளாதலால் காந்தக் கொக்கிகளைக் கொண்டு சென்றால் பைகளையும் துண்டுகளையும் தொங்கவிடலாம். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், அறை அகன்றுவிடும்.

அறைக்குள் தலை சுற்றினால் அங்கேயே படுத்திராமல் மேல் தளத்துக்கு வந்து தொடுவானத்தை நோக்கி அமருங்கள். கண்ணும் செவியும் ஒன்றையே உணரும்போது மயக்கம் தணியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களைத் தவிர்த்துப் பயணத்தை அமைப்பது நன்று.

தாய்மார்களுக்கு ஒன்று தனியே சொல்ல வேண்டும். அறையில் கற்பூரம் ஏற்றுவதோ, ஊதுவத்தி கொளுத்துவதோ கூடாது. மின் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு செல்லக் கூடாது. கடல் நடுவே தீயினும் கொடிய பகை இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 இல் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டதை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கைகூப்பி வணங்கினால் கடவுளுக்குப் போதும்.

உள்ளறையில் இருப்போர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. சன்னல் இல்லாததால் வெளியே நடப்பது தெரியாது. ஆகவே அறைக்கு வந்தவுடன், வாயிலிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வைத்துக் கொள்ளுங்கள். புகையிலும் இருளிலும் கை தடவிச் செல்ல உதவும். 1912 இல் 'டைட்டானிக்' மூழ்கிய பின் 1914 இல் நாடுகள் கூடிக் கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை கண்டன. 2012 இல் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' கவிழ்ந்த பின் விதி மேலும் இறுகியது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அபாயகாலப் பயிற்சி அளித்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் உரிய இடத்தில் கூட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பயிற்சி நேரத்தில் பலகாரத் தட்டின் முன் நிற்பது தகாது!

உள்ளறை எல்லோர்க்கும் ஏற்றது என்று நாங்கள் வாதிட வரவில்லை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்வோர், நோயினால் பெரும்பொழுது அறையிலேயே படுத்திருக்க வேண்டியோர், தனிமையில் கடலைக் காண விழைவோர் ஆகியோர் சன்னல் அறையையே நாடுக. கால் தளர்ந்த பெரியவரை உள்ளறையில் விட்டுவிட்டு இளையோர் மட்டும் மேலே திரிவதானால், அது சிக்கனம் ஆகாது, கொடுமையாகும்.

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்ததன் உயிர்நிலை இருக்கிறது. எங்களில் ஒரு குடும்பத்தார் முதலில் பால்கனி அறை ஒன்றையே எண்ணியிருந்தனர். ஊரிலிருந்து வந்திருந்த தாயார், "எனக்கெதற்கப்பா கப்பல்? நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் இவ்வாறு சொல்வது நாம் அறிந்ததே. வேண்டாம் என்பதற்குப் பொருள், செலவு வேண்டாம் என்பது. உள்ளறைக் கட்டணத்தைப் பார்த்த பின், எண்ணியிருந்த பணத்தில் இரண்டு உள்ளறைகள் எடுக்க முடிந்தது. தாயாரும் வந்தார், பேத்தி அவருக்குத் துணையாக உடன் தங்கினாள். அவ்வம்மையார் மூன்று நாளும் அறையில் இருந்த நேரம் உறங்கிய நேரமே. விடியுமுன் போர்வையைச் சுற்றிக் கொண்டு பேத்தியின் கையைப் பிடித்து மேல் தளத்துக்கு வந்துவிடுவார். நான்கு புறமும் கரையே தெரியாத நீரைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, "உங்கள் தாத்தா இப்படித்தான் போயிருப்பார்" என்றார்.

அவர் கணவர் இளமையில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்குப் பிழைக்கச் சென்றவர். 1926 முதல் 1973 வரை வங்கக் கடலில் அக்கப்பலில் சென்ற நம்மவர் பல்லாயிரவர். அவருள் மிகப் பலர் 'டெக்' பிரயாணிகள். பாயும் தகரப் பெட்டியுமாகத் தளத்தில் கிடந்தே சென்றனர். அவர்களுக்குக் கடல் இருந்தது, அறை இல்லை. இன்று நமக்கு அறை இருக்கிறது, குளிர்காற்று இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. சன்னல் ஒன்று இல்லையென்று மனம் சிறுக்கலாமா? அவர்கள் பிழைப்புக்காகப் படுத்த தளத்திலே நாம் மகிழ்ச்சிக்காகச் சென்று அமர்கிறோம். அந்த இடத்தில் அமர்வதற்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை.

ஆகவே, அன்பர்களே! வரும் விடுமுறையில் கப்பற்பயணம் எண்ணுவோர் முதலில் சன்னலை எண்ண வேண்டாம். வீட்டிலுள்ள தலைகளை எண்ணுங்கள். அனைவரையும் அழைத்துச் செல்ல எந்த அறை இடந்தருமோ, அதுவே உங்களுக்கு நல்ல அறை. தளப்படத்தை விரித்து நடுவான இடத்தில் உள்ளறையைக் குறித்துக் கொள்ளுங்கள். உறக்கத்தை அறைக்குக் கொடுங்கள். விழிப்பைக் கடலுக்குக் கொடுங்கள்.