கட்டளை போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உன் வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலம் கட்டியதைப் பற்றியும் அனல் மின் நிலையத்தைப் பற்றியும் பேசினார்கள். என் வேலை அவ்வளவு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தில் உள்ள சில நூறு கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இறுதியாண்டு மாணவர்களில் சிலராவது முதல் வேலையாக இந்த மேசைக்கு வந்து உட்காரப் போகிறீர்கள். ஆகவே அங்கே அடிக்கடி வருகிற ஒரே ஒரு தலைவலியை எடுத்துக்கொள்கிறேன். "சார், குரூப் பாலிசி அப்ளை ஆகலை!" என்று போன் வந்தால் என்ன செய்வது?

முதலில், மற்றத் துறை பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜாவாக இருந்தால் நிர்வாகம் நடக்காது. எனவே அவற்றை டொமைன் என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்து வைக்கிறோம். குடும்பத் தலைவர் டொமைன் கண்ட்ரோலர் என்கிற சர்வர். பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து இருக்க வேண்டும், பென் டிரைவ் செருகலாமா, எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளைகளையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதன்படி நடக்கும். விண்டோஸ் 2000 வெளிவந்த காலத்திலிருந்து இதற்குக் குரூப் பாலிசி என்று பெயர்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. சர்க்குலரை அட்டெண்டர் வகுப்பு வகுப்பாகக் கொண்டுவந்து காட்டுவது போல, சர்வர் கட்டளையை அனுப்பி வைக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லீங்க. நோட்டீஸ் போர்டைப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாணவன் மாதிரி, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே போய்ப் படித்துக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை ஆன் செய்யும்போது படிக்கும். பயனாளருக்கான கட்டளைகளை அவர் லாகின் செய்யும்போது படிக்கும். பிறகு 90 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி போகும். எல்லாம் ஒரே நேரத்தில் போய் நெரிசல் உண்டாக்காமல் இருக்க, 30 நிமிடம் வரை ஏதோ ஓர் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே கட்டளை கிடைக்கவில்லை என்றால், கட்டளையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் நடந்துபோகும் பாதையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் வரிசையாக ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி, பெயர் தெரிகிறதா? டொமைன் கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் டி.என்.எஸ். சர்வரிடம்தான் கேட்கும். அந்த விலாசம் அலுவலகத்தின் உள் சர்வராக இருக்க வேண்டும். "இண்டர்நெட் வேகமாக வரட்டும்" என்று யாராவது வெளி விலாசத்தை இரண்டாவது வரியில் போட்டு வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரரிடம் நம் தெருவில் உள்ள வீட்டுக்கு வழி கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இரண்டாவது, நேரம் சரியா? கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை, இரு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்ளே விடாது. பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சின்ன பேட்டரிதான், ஆனால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது, நம்பிக்கை இருக்கிறதா? நமக்கு இருப்பது போலக் கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. சாதாரணமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாகவே மாற்றிக்கொள்ளும். பழைய பேக்கப்பிலிருந்து கம்ப்யூட்டரை மீட்டால் அதனிடம் பழைய பாஸ்வேர்ட் இருக்கும், சர்வரிடம் புதியது இருக்கும். உறவு முறிந்துவிட்டது. உடனே டொமைனை விட்டு எடுத்து மறுபடி சேர்க்கத்தான் வேண்டும் என்பதில்லை. பவர்ஷெல்லில் இந்த உறவைச் சோதிக்கவும் செப்பனிடவும் தனிக் கட்டளையே இருக்கிறது.

நான்காவது, காகிதம் கைக்குக் கிடைக்கிறதா? ஒவ்வொரு பாலிசியும் இரண்டு இடத்தில் வாழ்கிறது. பெயரும் விவரமும் ஆக்டிவ் டைரக்டரியில். உள்ளே உள்ள கட்டளைகள் சிஸ்வால் என்ற பொது போல்டரில். ஒன்று அலுவலக ரிஜிஸ்டர், மற்றொன்று அலமாரியில் உள்ள காகிதம். ரிஜிஸ்டரில் பதிவு இருந்து காகிதம் இல்லாவிட்டால் 1058 என்ற எண்ணில் பிழை பதிவாகும். ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் கண்ட்ரோலர் உள்ள இடத்தில், ஓர் அலமாரிக்குப் புதிய காகிதம் வந்து மற்றதற்கு வராமல் போவதும் உண்டு.

ஐந்தாவது, படிக்க உரிமை இருக்கிறதா? 2016 ஜூன் மாதம் மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. அதுவரை பயனாளருக்கான பாலிசிகளைப் பயனாளரின் அடையாளத்தில் படித்துவந்த முறை மாறி, கம்ப்யூட்டரின் அடையாளத்தில் படிக்கும்படி ஆயிற்று. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் உரிமை கொடுத்து மற்றவற்றை நீக்கி வைத்திருந்த இடங்களில், நேற்றுவரை ஓடிய பாலிசி திடீரென்று நின்றது. கம்ப்யூட்டர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும், சரியாகிவிடும்.

இந்த ஐந்தில் எது என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஈவெண்ட் வியூவரைத் திறந்தால் பிழை எண்ணும் காரணமும் இருக்கும். ஜி.பி.ரிசல்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தப் பாலிசி வந்தது, எது ஒதுக்கப்பட்டது, ஏன் என்று பட்டியலே வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் பகுதி தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் தணிக்கை வரப்போகிறது என்று, பென் டிரைவைத் தடுக்கும் பாலிசியை வெள்ளிக்கிழமை மாலை போட்டார்கள். போட்டவன் ஒப்பந்தத்தில் சேர்ந்து நாலு மாசமே ஆன ஒரு பையன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் சுமார் 80 கம்ப்யூட்டர்களில் 30-ல் பென் டிரைவ் தாராளமாக வேலை செய்கிறது. மேலாளர் கொதித்துப்போனார். "இவன்தான் எதையோ மாத்திட்டான், நாளையிலிருந்து வரவேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். பையன் பதில் பேசவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றான்.

"சார், அரை மணி நேரம் குடுங்க" என்றேன். பாலிசி தவறு என்றால் மற்ற 50-க்கு மட்டும் எப்படிப் போயிற்று? கோளாறு உள்ள ஒரு கம்ப்யூட்டரையும் நன்றாக உள்ள ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஐ.பி.கான்பிக் விவரத்தை ஒப்பிட்டோம். டி.என்.எஸ். விலாசம் வேறாக இருந்தது. ஈவெண்ட் வியூவரில் 1054, அதாவது டொமைன் கண்ட்ரோலரின் பெயரே கிடைக்கவில்லை. அந்த 30-ம் ஒரே மாடியில் இருந்தன. மாடிக்குப் போய்த் தேடினோம். மீட்டிங் அறை மேசைக்கு அடியில் ஒரு சின்ன வைஃபை ரௌட்டர்! வேறு துறையினர் தங்கள் வசதிக்காகச் செருகியது. அது தன் பாட்டுக்கு எல்லோருக்கும் தன் விலாசத்தை டி.என்.எஸ். என்று வழங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் ஏன் தெரியவில்லை? இண்டர்நெட் வந்தது. லாகினும் ஆனது, ஏனென்றால் சர்வர் கிடைக்காதபோது, முன்பு லாகின் செய்தவர்களின் அடையாளத்தைக் கம்ப்யூட்டர் தன்னிடம் சேமித்து வைத்திருப்பதைக் கொண்டே உள்ளே விடும். ரௌட்டரைப் பிடுங்கினோம், கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் செய்தோம், மதியத்துக்குள் எல்லாவற்றிலும் பாலிசி ஏறியது. மேலாளர் "சரி, வாங்க டீ சாப்பிடலாம்" என்றார். பையனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் அவன் வேலை நிலைத்தது.

ஒரு மாடி அளவில் நடந்தது இது. உலக அளவிலும் இதே இடைவெளி எவ்வளவு விலை கேட்கும் என்று 2017-ல் பார்த்தோம். விண்டோஸில் உள்ள ஓர் ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை தாக்கியபோது, அந்தத் திருத்தம் போய்ச் சேராத கம்ப்யூட்டர்கள் பல நாடுகளில் முடங்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. அது குரூப் பாலிசிக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. உத்தரவு போட்டாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கடைசிக் கம்ப்யூட்டர் வரை சேர்ந்ததா என்று போய்ப் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களுக்கும் போன் வரும். "பார்மட் போட்டுடு", "டொமைன்லேருந்து எடுத்துட்டுத் திரும்பச் சேரு" என்று நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். சில நேரம் அதில் சரியாகியும் விடும். ஆனால் காரணம் தெரியாமல் சரியானது அடுத்த மாதம் திரும்ப வரும். முதலில் பதிவைப் படியுங்கள். வேலை செய்கிற ஒன்றையும் செய்யாத ஒன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இவை நம் ஆய்வுக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதும்போதே சொல்லித் தந்தவைதான். அன்றைக்கு மதிப்பெண்ணுக்காக எழுதினோம். வேலைக்குப் போனபின் அந்தப் பழக்கம் ஒருவருடைய வேலையையே காப்பாற்றும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.