செவ்வாயிலிருந்து வந்த அறிவாளிகள்

('மனித குலத்துக்குப் பெரிதும் தேவை அறிவே! அன்பே!' பட்டிமன்றத்தில், 'அன்பே' அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிவாளிகளே! (சிரிப்பு)

'அறிவு வளர வளர மனிதன் தெய்வமாவான்' என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, நம்மைவிட அறிவு வளர்ந்தவன் பூமிக்கு வந்தா என்ன ஆகும்னு ஒருத்தர் கதையே எழுதி வச்சிருக்காரு. இங்கிலாந்து நாட்டு எச்.ஜி.வெல்ஸ். நாவலின் பெயர் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'; உலகங்களுக்கு இடையே யுத்தம். புத்தகமாக வந்தது 1898-இல்.

செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் என்ற ஊரில் வந்து இறங்குகின்றன. நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? விருந்தாளியை 'வாங்க'ன்னு கூப்பிடுற மாதிரி, வெள்ளைக்கொடி பிடிச்சிக்கிட்டு எதிரே போனாங்க. வந்தவை வெப்பக்கதிரை வீசி அத்தனை பேரையும் எரித்துவிட்டன. எவ்வளவு பெரிய அறிவு பாருங்கள்! (சிரிப்பு)

வெல்ஸ் உயிரியல் படித்தவர். அந்த ஜீவன்களை எப்படிப் படைத்தார்? நாலடி அகலத்துக்கு ஒரே தலை; உடம்பு என்று தனியாக எதுவும் இல்லை. வயிறு கிடையாது, குடல் கிடையாது. மற்ற உயிர்களின் ரத்தத்தை எடுத்துத் தங்களுக்குள் ஏற்றிக்கொள்ளும். தூக்கம் இல்லை. ஆண், பெண் பேதம் இல்லை. ஆகவே கல்யாணமும் இல்லை. 'கொடுத்து வச்சவங்க'ன்னு பின்வரிசையில் ஒருத்தர் பெருமூச்சு விடுறாரு! (பலத்த சிரிப்பு) மூளை மட்டும் வளர்ந்து உடம்பு தேய்ந்தால், உணர்ச்சி வற்றிச் சுயநல அறிவுதான் மிஞ்சும் என்கிறார் வெல்ஸ்.

'அது செவ்வாய்க்காரன் புத்தி, மனுஷன் அப்படியில்லை' என்று எதிரணி தப்பிக்க முடியாது. முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் டாஸ்மேனியாவைக் காட்டுகிறார். அந்தத் தீவில் 1803-இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குள் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். போனவர்களிடம் துப்பாக்கி இருந்தது, கப்பல் இருந்தது, கல்வி இருந்தது. இல்லாதது எது? (கைதட்டல்)

எதிரணி கேட்கும்: 'செவ்வாய்க்காரனைக் கடைசியில் கொன்றது உங்கள் அன்பா? கிருமிதானே?' உண்மை. அன்பு ஜெயித்ததுன்னு நானும் சொல்லலை. ஆனால் உங்க அறிவு ஜெயிச்சுதா? மனிதனின் பீரங்கி தோற்றது. நட்சத்திர வெளியைத் தாண்டி வந்த மூளை, கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் தோற்றது. அந்தக் கிருமி எந்தக் காலேஜில் படிச்சுது? (சிரிப்பு, கைதட்டல்)

அப்படியானால் மனிதன் அந்தப் போரில் என்ன கற்றான்? கதை சொல்பவர் ஒரு தத்துவ எழுத்தாளர். எலி மாதிரி பதுங்கிப் பதுங்கி உயிர் தப்பியவர். அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது: நமக்குக் கீழே கிடக்கும் வாயில்லா ஜீவன்கள் நம்மைக் கண்டு இப்படித்தானே நடுங்கியிருக்கும்! வேறெதையும் கற்காவிட்டாலும் இரக்கத்தைக் கற்றோம் என்கிறார். பிற உயிரின் வலியைத் தன் வலியாக எண்ணாவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று நம் வள்ளுவர் கேட்டதும் இதைத்தானே?

நாவலின் முடிவில் அவர் வீடு திரும்புகிறார். செத்துவிட்டாள் என்று நினைத்த மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். உலகமே இடிந்து கிடக்கிறது; அவருக்கு அவள் கையைப் பிடித்தால் போதும்.

நாளைக்கு விண்ணிலிருந்து ஒருவன் வந்தால், 'உனக்கு எவ்வளவு அறிவு?' என்று நாம் கேட்க மாட்டோம். 'எங்களை வாழ விடுவாயா?' என்றுதான் கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் அன்பிடம் இருக்கிறது. தீர்ப்பை எழுதுங்கள் நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)